சொந்த டொமைனிலிருந்து கேம்பெய்ன் மெயில்: டிஎன்எஸ் ரெக்கார்டு முதல் கடைசிச் சரிபார்ப்பு வரை

சென்னிமலையில் போர்வையும் பெட்ஷீட்டும் நெய்து விற்கும் ஒரு குடும்பத்தை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். கடையில் பில் போடும்போது வாடிக்கையாளர்கள் விருப்பப்பட்டுக் கொடுத்த மெயில் முகவரிகள் அவர்களிடம் மூவாயிரத்துச் சொச்சம் இருந்தன. ஒரு தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பாக, புது டிசைன்களைப் படம் பிடித்து மொத்தமாக மெயில் அனுப்பித் தரும் ஒரு ஆன்லைன் சேவை வழியாக அத்தனை பேருக்கும் ஒரு கேம்பெய்ன், அதாவது விளம்பர மெயில், அனுப்பினார்கள். அனுப்புநர் முகவரியாகப் போட்டது கடையின் ஜிமெயில் முகவரி. எல்லாம் டெலிவரி ஆகிவிட்டதாகச் சேவையின் திரை சொன்னது. திறந்து பார்த்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. கடைக்காரரின் மகன் தன் சொந்த இன்பாக்ஸில் தேடி, கிடைக்காமல், கடைசியில் ஸ்பேம் பெட்டியிலிருந்து அதைக் கண்டெடுத்தான்.

அவர்களுக்குச் சொந்த டொமைன் இருந்தது. வெப்சைட் அதில்தான் ஓடியது, ஆபீஸ் மெயிலும் அதில்தான். கேம்பெய்னுக்கு மட்டும் யாரும் அதைப் பயன்படுத்த நினைக்கவில்லை. சரிசெய்ய உட்கார்ந்தபோது, காத்திருந்த நேரத்தையும் சேர்த்து, எங்களுக்கு நான்கு நாள் ஆனது. வழி தெரிந்திருந்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும். அந்த வழியை, நாங்கள் இடறிய இடங்களோடு சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு. டிஎன்எஸ் என்பது டொமைன் பெயர்களுக்கான இணையத்தின் விலாசப் புத்தகம்; அதில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு ரெக்கார்டு. ரெக்கார்டுகளை நான் தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். உங்கள் டிஎன்எஸ் பக்கத்தில் இடும்போது சேவை தரும் ஆங்கில வரியை அப்படியே காப்பி செய்து ஒட்டுங்கள். கையால் தட்டச்சு செய்ய வேண்டாம். ஒரு புள்ளி மாறினாலும் வேலை செய்யாது.

எதற்காக இத்தனை ரெக்கார்டுகள்

மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி முறையை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக எழுதினார். அதில் அனுப்புநர் யார் என்று சோதிக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. தபால் கவரின் மூலையில் அனுப்புநர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், தபால்காரர் விசாரிக்க மாட்டார் அல்லவா, அதே நிலைதான். ஸ்பேமும் மோசடியும் பெருகிய பிறகு, மூன்று ஏற்பாடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து சேர்ந்தன.

எஸ்பிஎஃப் என்பது ஒரு அனுமதிப் பட்டியல். என் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இன்னின்ன சர்வர்களுக்கு உரிமை உண்டு என்று நீங்கள் டிஎன்எஸ்ஸில் எழுதி வைக்கிறீர்கள். டிகிம் என்பது கையெழுத்து. அனுப்பும் சர்வர் ஒரு ரகசியச் சாவியால் ஒவ்வொரு கடிதத்திலும் கையெழுத்திடும். அதைச் சோதிக்கும் பொதுச் சாவி உங்கள் டிஎன்எஸ்ஸில் இருக்கும். மூன்றாவதான டிமார்க், வாசகர் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியின் டொமைனோடு இந்த இரண்டில் ஒன்றாவது பொருந்துகிறதா என்று பார்க்கிறது. பொருந்தாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதிலேயே நீங்கள் சொல்லிவிடலாம்.

அந்தப் 'பொருந்துகிறதா' என்ற சொல்லைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை எல்லாம் அதைச் சுற்றித்தான் நடக்கப்போகிறது.

2023 அக்டோபரில் கூகுளும் யாஹூவும் சேர்ந்து புது விதிகளை அறிவித்தன. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயில்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றுமே கட்டாயம். மைக்ரோசாஃப்ட்டும் 2025 மே மாதத்திலிருந்து அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு இதே 5,000 என்ற அளவை வைத்தது. 'நான் சின்ன ஆள், எனக்கு எதற்கு' என்று விட்டுவிடாதீர்கள். குறைவாக அனுப்புகிறவர்களும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. அந்த 5,000 கணக்கில் ஒரே டொமைனின் கீழுள்ள எல்லா சப்டொமைன்களும் (டொமைனுக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த கிளைப் பெயர்கள்) சேரும். ஒரே ஒரு நாள் அந்த அளவைத் தொட்டாலும் அதன்பின் நிரந்தரமாகவே உங்களைப் பெரும் அனுப்புநராகத்தான் கூகுள் கணக்கில் வைக்கும்.

ஜிமெயில் முகவரியிலிருந்து கேம்பெய்ன் அனுப்பியது ஏன் எடுபடவில்லை என்பது இப்போது புரியும். கடிதம் ஜிமெயில் பெயரைச் சொல்கிறது, ஆனால் அது தன் சர்வரிலிருந்து கிளம்பவில்லை என்பது ஜிமெயிலுக்கே தெரியும்.

முதல் படி: எந்தப் பெயரில் அனுப்புவது

முக்கிய டொமைனிலிருந்தே அனுப்பலாம், அல்லது செய்தி.உங்கள்கடை.காம் மாதிரி ஒரு சப்டொமைனிலிருந்து அனுப்பலாம். நான் சப்டொமைனைத்தான் சொல்வேன். கேம்பெய்ன் மெயிலை யாராவது ஸ்பேம் என்று குறித்தால் அந்தக் கெட்ட பெயர் பெரும்பாலும் சப்டொமைனோடு நிற்கும். நூல் வியாபாரிக்கும் ஆடிட்டருக்கும் நீங்கள் தினமும் அனுப்பும் ஆபீஸ் மெயில் அடிபடாது. முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். இரண்டும் ஒரே குடும்பம் என்பது மெயில் சேவைகளுக்குத் தெரியும்.

கேம்பெய்னுக்கென்று ஏதோ ஒரு புது டொமைனை வாங்கி அதிலிருந்து அனுப்பும் பழக்கமும் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். வாடிக்கையாளருக்கு அறிமுகமான பெயர் உங்களுடையது; அறிமுகமில்லாத பெயரில் வரும் கடிதத்தை அவர் சந்தேகப்படுவது நியாயம்.

தமிழ் எழுத்திலேயே .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று முடியும் டொமைன்கள் உண்டு. வெப்சைட்டுக்கு அழகான பெயர்கள். டிஎன்எஸ்ஸுக்குள் அவை எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் சேமிக்கப்படும். தமிழ் முகவரியை எல்லா மெயில் சர்வர்களும் இன்னும் ஏற்பதில்லை என்பதால், கேம்பெய்னுக்கு ஆங்கில எழுத்து டொமைன் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அனுப்புநர் முகவரியில் உண்மையிலேயே மெயில் வந்து விழ வேண்டும். பல சேவைகள் டிஎன்எஸ் பக்கம் போவதற்கு முன்பே அந்த முகவரிக்கு ஒரு உறுதிப்படுத்தல் லிங்க்கை அனுப்பும். டொமைன் மட்டும் இருந்து இன்பாக்ஸ் இல்லாதவர்கள் இங்கேயே நின்றுவிடுவார்கள். சப்டொமைனில் பெட்டி இல்லையென்றால், உங்கள் மெயில் சேவையில் அதற்கு ஒரு பெட்டி உருவாக்குங்கள், அல்லது வருவதை ஆபீஸ் முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். வாடிக்கையாளர் பதில் போட்டால் படிக்க ஆள் இருப்பது எப்படியும் நல்லதுதான்.

இரண்டாம் படி: உங்கள் டிஎன்எஸ் எங்கே இருக்கிறது

எங்கள் நான்கு நாளில் இரண்டு நாள் போனது இங்கேதான். டொமைனை ஓரிடத்தில் வாங்கியிருந்தார்கள், வெப்சைட் ஹோஸ்டிங் வேறொரு இடத்தில். டொமைன் வாங்கிய இடத்தின் பக்கத்தில் நுழைந்து ரெக்கார்டுகளைச் சேர்த்தோம். பக்கமும் மறுப்பில்லாமல் சேமித்துக்கொண்டது. ஆனால் டிஎன்எஸ் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நேம்சர்வர்கள் ஹோஸ்டிங் நிறுவனத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. உலகம் கேட்பது அங்கே. நாங்கள் எழுதியது இங்கே. இரண்டு நாள் கழித்துத்தான் அது உறைத்தது.

எனவே எதையும் சேர்க்கும் முன் நேம்சர்வரைப் பாருங்கள். விண்டோஸில் என்எஸ்லுக்அப், மேக்கிலும் லினக்ஸிலும் டிக் என்ற கட்டளை போதும். கட்டளை பழக்கமில்லை என்றால் கூகுள் அட்மின் டூல்பாக்ஸ் தளத்தில் இருக்கும் டிக் பக்கத்தில் டொமைனைப் போட்டு என்எஸ் என்பதை அழுத்துங்கள். வருகிற பெயர் யாருடையதோ, ரெக்கார்டு சேர்க்க வேண்டியது அவர்களிடம். டிஎன்எஸ் சேவை தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் பெயர் வந்தால் கிளவுட்ஃப்ளேரில். கடவுச்சொல் வெப்சைட் செய்து கொடுத்தவரிடம் இருக்கிறது என்றால், இதை ஒரு சந்தர்ப்பமாக வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கடையின் பெயர்ப் பலகை அது. சாவி உங்களிடம் இருக்க வேண்டும்.

அதோடு, இப்போது இருக்கும் எல்லா ரெக்கார்டுகளையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எதையாவது தவறி அழித்துவிட்டால் திரும்ப வைக்க அது ஒன்றுதான் துணை.

மூன்றாம் படி: டிகிம்

கேம்பெய்ன் சேவையின் செட்டிங்ஸில் டொமைன் என்ற பகுதிக்குப் போய் உங்கள் சப்டொமைனைச் சேர்த்தால், அது சில ரெக்கார்டுகளைத் தரும். மெயில்சிம்ப் டிகிமுக்காக இரண்டு சி-நேம் ரெக்கார்டுகள் தருகிறது. அமேசான் எஸ்இஎஸ் மூன்று. சென்ட்கிரிட்டும் மூன்று சி-நேம், அதில் ஒன்று திரும்பி வரும் மெயில்களுக்கானது. ஸோஹோ கேம்பெய்ன்ஸ் மாதிரி சில சேவைகள் சாவியையே ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டாக, அதாவது வெறும் எழுத்து வரியாக, கையில் தந்துவிடும்.

சி-நேம் என்பது 'பதில் அங்கே இருக்கிறது, போய்ப் பார்' என்ற கைகாட்டி மரம். சாவியைச் சேவையே தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது மாற்றிக்கொள்ளும். நீங்கள் மறுபடி ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டு வகையும் கிடைத்தால் சி-நேமைத் தேர்ந்தெடுங்கள்.

ஒவ்வொரு ரெக்கார்டிலும் பெயர், வகை, மதிப்பு என்று மூன்று கட்டம் இருக்கும். தவறு பெரும்பாலும் பெயர்க் கட்டத்தில்தான் நடக்கும். சேவை கொடுப்பது 'கே2._டொமைன்கீ.செய்தி.உங்கள்கடை.காம்' என்ற முழுப் பெயராக இருக்கலாம். ஆனால் பல டிஎன்எஸ் பக்கங்கள் டொமைன் பெயரைத் தாங்களே பின்னால் ஒட்டிக்கொள்ளும். முழுதாகப் போட்டால் அது 'உங்கள்கடை.காம்.உங்கள்கடை.காம்' என்று இரட்டித்துவிடும். சேமித்த பிறகு பட்டியலில் அது எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால், அங்கே ஏற்கனவே இருக்கும் பழைய ரெக்கார்டுகள் முழுப் பெயரோடு இருக்கின்றனவா, வெறும் முன்பகுதியோடு இருக்கின்றனவா என்று பார்த்து அதே முறையில் எழுதுங்கள். சப்டொமைன் வைத்திருப்பவர்கள் 'செய்தி' என்ற பகுதியை விட்டுவிடக் கூடாது; வெட்ட வேண்டியது முக்கிய டொமைனை மட்டும்.

கிளவுட்ஃப்ளேர் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சி-நேம் சேர்க்கும்போது பக்கத்தில் ஆரஞ்சு நிற மேகம் இருந்தால் அதைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றுங்கள். ஆரஞ்சில் இருந்தால் கிளவுட்ஃப்ளேர் குறுக்கே நின்று தன் சொந்த ஐபி முகவரியைப் பதிலாகத் தரும், சாவி வெளியே தெரியாது.

டிஎக்ஸ்டி ரெக்கார்டாகச் சாவி வந்தால் அதன் நீளம் ஒரு தொல்லை. டிஎக்ஸ்டியில் ஒரு துண்டு 255 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. 2048 பிட் சாவி அதைத் தாண்டும். பெரும்பாலான பக்கங்கள் தாமே இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். சில மறுத்துவிடும், அப்போது ஒரே ரெக்கார்டுக்குள் இரண்டு மேற்கோள் குறித் துண்டுகளாகப் பிரித்து எழுத வேண்டும். நீளம் தொல்லையாக இருக்கிறதே என்று 1024 பிட்டுக்கு இறங்க வேண்டாம்.

சாவியின் நீளம் எதற்கு முக்கியம் என்பதற்கு 2012-இல் நடந்த ஒன்றைச் சொல்லலாம். ஜக்கரி ஹாரிஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளருக்குக் கூகுளிலிருந்து வேலைக்கு அழைத்து ஒரு மெயில் வந்தது. உண்மையா என்று பார்க்க அதன் டிகிம் சாவியை ஆராய்ந்தவர், அது 512 பிட் மட்டுமே என்று கண்டார். இது தன்னைச் சோதிக்கக் கூகுள் வைத்த புதிர் என்று நினைத்து, வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர்களில் அந்தச் சாவியை உடைத்து, கூகுளின் நிறுவனர்களில் ஒருவரான செர்கே பிரின் எழுதுவது போல இன்னொரு நிறுவனரான லாரி பேஜுக்கே ஒரு மெயில் அனுப்பினார். பதில் வரவில்லை. இரண்டு நாளில் கூகுளின் சாவி 2048 பிட்டுக்கு மாறியிருந்தது. சாவியை உடைக்க ஆன செலவு சுமார் 75 டாலர், நேரம் 72 மணி என்று அவரே பிறகு சொன்னார்.

நான்காம் படி: எஸ்பிஎஃப்

ஒரு பெயருக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. சோதனை நிரந்தரப் பிழை என்று முடியும். எங்கள் கதையில் இரண்டாவது சறுக்கல் இதுதான். ஆபீஸ் மெயிலுக்கென்று ஏற்கனவே ஒரு எஸ்பிஎஃப் வரி இருந்தது. கேம்பெய்ன் சேவை சொன்ன வரியை இன்னொரு ரெக்கார்டாக அதே டொமைனில் சேர்த்துவிட்டோம். மறுநாள் கடையிலிருந்து போன இன்வாய்ஸ்கள் ஸ்பேமில் விழத் தொடங்கின. நல்லதாக ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்துவிட்டோம் என்று அன்று பட்ட சங்கடம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சரியான வழி, பழைய வரிக்குள்ளேயே புதியதைச் சேர்ப்பது. வரி 'வி=எஸ்பிஎஃப்1' என்று தொடங்கும்; நடுவில் 'இன்க்லூட்:' என்று ஒவ்வொரு சேவைக்கும் ஒரு துண்டு; கடைசியில், பட்டியலில் இல்லாத மற்ற எல்லோரையும் பற்றிச் சொல்லும் '~ஆல்' அல்லது '-ஆல்'. புது இன்க்லூட் துண்டை அந்தக் கடைசிச் சொல்லுக்கு முன்னால் வையுங்கள். அதற்குப் பின்னால் எழுதுவது எதையும் யாரும் படிக்க மாட்டார்கள். '+ஆல்' என்று எங்காவது கண்டால் உடனே மாற்றுங்கள்; உலகத்தில் யார் வேண்டுமானாலும் என் பெயரில் அனுப்பலாம் என்று பொருள்.

இன்னொரு வரம்பு: ஒரு எஸ்பிஎஃப் சோதனையில் டிஎன்எஸ் தேடல்கள் பத்தைத் தாண்டக் கூடாது. ஒரு இன்க்லூடுக்குள் இன்னும் மூன்று இன்க்லூடு ஒளிந்திருக்கும், அவையும் கணக்கில் சேரும். ஆபீஸ் மெயில், பில்லிங் சாஃப்ட்வேர், கேம்பெய்ன், வெப்சைட் ஃபாரம் என்று சேர்த்துக்கொண்டே போனால் பத்து சீக்கிரம் வந்துவிடும். பயன்படுத்தாததை எடுத்துவிடுங்கள்.

இனி ஒரு முக்கியமான விஷயம். எஸ்பிஎஃப் சோதிப்பது வாசகர் பார்க்கும் அனுப்புநர் முகவரியை அல்ல. கடிதம் திரும்பி வர வேண்டிய முகவரி என்று ஒன்று உள்ளே மறைவாக இருக்கும், ரிட்டர்ன்-பாத் என்பார்கள். எஸ்பிஎஃப் பார்ப்பது அதைத்தான். கேம்பெய்ன் சேவைகள் பெரும்பாலும் அங்கே தங்கள் சொந்த டொமைனைப் போடும். ஆகவே எஸ்பிஎஃப் பாஸ் ஆகும், ஆனால் சேவையின் பெயரில் பாஸ் ஆகும். உங்கள் பெயரோடு பொருந்தாது. இதனால்தான் மெயில்சிம்ப் போன்றவை எஸ்பிஎஃப் வரியே கேட்பதில்லை. டிகிம் ஒன்றை வைத்தே டிமார்க்கில் தேறிவிடுகின்றன. சேவை கேட்காவிட்டால் நீங்களாக எஸ்பிஎஃப்பில் எதையும் சேர்க்காதீர்கள்.

ரிட்டர்ன்-பாத்தையும் சொந்தப் பெயருக்கு மாற்றும் வசதி சில சேவைகளில் உண்டு. அமேசான் எஸ்இஎஸ்ஸில் அதற்கு ஒரு தனி சப்டொமைனும், அதில் ஒரு எம்எக்ஸ் ரெக்கார்டும் (வரும் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்வது) ஒரு எஸ்பிஎஃப் வரியும் வேண்டும். முடிந்தால் செய்யுங்கள். இரண்டு கால்களில் நிற்பது நல்லது.

ஐந்தாம் படி: டிமார்க்

இது முக்கிய டொமைனில் '_டிமார்க்' என்ற பெயரில் ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டு. சப்டொமைனுக்குத் தனியாக எழுதாவிட்டால் முக்கிய டொமைனில் உள்ளதே அதற்கும் பொருந்தும். தொடக்கத்தில் இவ்வளவு போதும்: 'வி=டிமார்க்1; பி=நன்; ருவா=மெயில்டு:' என்று எழுதி, அதையடுத்து அறிக்கைகள் வரவேண்டிய உங்கள் முகவரி. டிமார்க்1 என்பது ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இங்கேயும் ஒரு பெயருக்கு ஒரே ரெக்கார்டு. இரண்டு இருந்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி நடத்துவார்கள். வெப்சைட் செய்தவர் முன்பே ஒன்று போட்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பி=நன் என்றால் 'பொருந்தாத கடிதத்தை ஒன்றும் செய்ய வேண்டாம், எனக்குத் தகவல் மட்டும் சொல்' என்று பொருள். அதன் பிறகு கூகுள், யாஹூ போன்றவர்களிடமிருந்து பெரும்பாலும் தினமும் ஒரு சுருக்கிய எக்ஸ்எம்எல் கோப்பு வரும். உங்கள் பெயரில் எந்தெந்த ஐபி முகவரிகளிலிருந்து எத்தனை கடிதம் போனது, எது தேறியது, எது தேறவில்லை என்ற கணக்கு அதில் இருக்கும். பச்சையாகப் படிக்கக் கஷ்டம். படித்துக் காட்டும் இலவசத் தளங்கள் உண்டு. அந்த அறிக்கையில்தான் நீங்கள் மறந்துபோன அனுப்புநர்கள் தலைகாட்டுவார்கள். எங்களுக்கு வெப்சைட்டின் 'தொடர்பு கொள்ள' ஃபாரம் அப்படித்தான் தெரிய வந்தது.

நான்கைந்து வாரம் அறிக்கைகளைப் பார்த்து, எல்லாமே தேறுகிறது என்று உறுதியானதும் பி=குவாரண்டைன் (பொருந்தாததை ஸ்பேமில் போடு), இன்னும் சில வாரம் கழித்து பி=ரிஜெக்ட் (ஏற்காமல் திருப்பு) என்று போகலாம். அவசரப்பட வேண்டாம். 2014 ஏப்ரலில் யாஹூ தன் டொமைனை ஒரே அடியாக ரிஜெக்ட்டுக்கு மாற்றியபோது, யாஹூ முகவரியிலிருந்து மின்னஞ்சல் குழுக்களுக்கு எழுதியவர்களின் கடிதங்கள் உலகம் முழுக்கத் திரும்பி வந்தன. அத்தனை பெரிய நிறுவனம் எடுத்த முடிவிலேயே அப்படி நடந்தது என்றால் நாம் நிதானமாகப் போவதில் தவறில்லை.

ஆறாம் படி: காத்திருப்பதும் கேட்டுப் பார்ப்பதும்

ரெக்கார்டுகளைச் சேர்த்துச் சேமித்தபின் அரை மணி நேரம் விட்டு, சேவையில் 'வெரிஃபை' பொத்தானை அழுத்துங்கள். ரெக்கார்டு சேர்க்கும் முன்பே அழுத்திப் பார்ப்பதைத் தவிருங்கள். ஒரு பெயரைக் கேட்டு 'அப்படி ஒன்று இல்லை' என்று பதில் வந்தால், அந்த 'இல்லை'யையும் டிஎன்எஸ் சர்வர்கள் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். நீங்கள் சேர்த்த பிறகும் பழைய பதிலையே திரும்பச் சொல்லும். 48 மணி நேரம் வரை ஆகலாம் என்று சேவைகள் எழுதுவது இப்படிப்பட்ட தாமதங்களையும் மனதில் வைத்துத்தான். சரியாகச் சேர்த்த புது ரெக்கார்டு என் அனுபவத்தில் ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அரை நாள் ஆகியும் தெரியவில்லை என்றால் காத்திருப்பதை விட்டுவிட்டு, தவறைத் தேடுங்கள். தேட வேண்டிய இடங்களை ஏற்கனவே சொல்லிவிட்டேன்: வேறு நேம்சர்வர், இரட்டித்த பெயர், ஆரஞ்சு மேகம், காப்பி செய்யும்போது முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொண்ட வெற்றிடம்.

ஏழாம் படி: போய்ச் சேர்ந்த கடிதத்தைப் பார்ப்பது

"பச்சை டிக் வந்துருச்சுங்கண்ணா, அவ்வளவுதானுங்களே?" என்று கடைக்காரரின் மகன் கேட்டான். அவ்வளவுதான் இல்லை. ரெக்கார்டுகள் டிஎன்எஸ்ஸில் இருக்கின்றன என்று மட்டுமே அந்தப் பச்சை டிக் சொல்கிறது. உங்கள் கடிதம் அந்தக் கையெழுத்தோடுதான் போகிறதா என்பதை, போய்ச் சேர்ந்த கடிதத்தைத் திறந்தால்தான் அறிய முடியும். கேம்பெய்னில் அனுப்புநர் முகவரியை மாற்ற மறந்து பழைய ஜிமெயில் முகவரியையே விட்டுவைத்தாலும் அந்த டிக் பச்சையாகத்தான் இருக்கும். அவன் அன்று உருவாக்கிய கேம்பெய்ன் பழையதன் நகல். அதில் பழைய முகவரிதான் இருந்தது.

நாலைந்து பேர் மட்டும் உள்ள ஒரு சிறு பட்டியலை உருவாக்குங்கள். ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் மூன்றிலும் ஒவ்வொரு முகவரியாவது இருக்கட்டும். அதற்கு உண்மையான கேம்பெய்னாகவே அனுப்புங்கள். சோதனை மெயில் பொத்தானை நம்ப வேண்டாம். சில சேவைகளில் அது வேறு வழியாகப் போகிறது.

கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, கடிதத்தின் வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' என்பதற்குப் போங்கள். மேலே ஒரு சிறு அட்டவணை வரும். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் நேரே பாஸ் என்று இருக்க வேண்டும். டிகிம் வரிசையில் பாஸ் என்பதோடு எந்த டொமைன் என்றும் எழுதியிருக்கும். அங்கே உங்கள் பெயர் இருக்கிறதா, சேவையின் பெயர் இருக்கிறதா? இரண்டு கையெழுத்து போடும் சேவைகளும் உண்டு, அதனால் கீழே ஆதென்டிகேஷன்-ரிசல்ட்ஸ் என்று தொடங்கும் பகுதியையும் படியுங்கள். உங்கள் டொமைன் பெயரோடு ஒரு டிகிம் பாஸ் அங்கே இருந்தால் பொருந்திவிட்டது. டிமார்க் சாதாரணமாகக் கேட்கும் தளர்வான பொருத்தத்தில் சப்டொமைனும் முக்கிய டொமைனும் ஒன்றாகவே கருதப்படும்.

உள்ளே போகாமலே தெரியும் ஒரு அடையாளமும் உண்டு. அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயில் 'வயா' என்று வேறொரு டொமைனைக் காட்டினால் கையெழுத்து உங்களுடையதல்ல.

எட்டாம் படி: மெல்லத் தொடங்குவது

பெயர் சரியானதும் ஒரே நாளில் மூவாயிரம் பேருக்கும் அனுப்பிவிடாதீர்கள். அந்த சப்டொமைனிலிருந்து இதுவரை ஒரு கடிதமும் போனதில்லை. அதை யாருக்கும் தெரியாது. நாங்கள் அந்த ஆறு மாதத்தில் கடைக்கு வந்த இருநூறு பேருக்கு முதலில் அனுப்பினோம். மூன்று நாள் கழித்து ஐந்நூறு. இப்படியே இரண்டு வாரத்தில் மீதி. வாங்கிய நினைவு பசுமையாக இருப்பவர்கள் கடிதத்தைத் திறப்பார்கள், ஸ்பேம் என்று குறிக்க மாட்டார்கள். அந்த நல்ல தொடக்கம் பின்னால் வருகிற கடிதங்களையும் தாங்கும்.

ஸ்பேம் என்று குறிப்பவர்களின் அளவு 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1-க்குக் கீழே வைத்திருங்கள் என்கிறது கூகுள். ஆயிரத்தில் மூன்று பேர் என்பது எவ்வளவு குறைவு என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே வெளியேறும் லிங்க்கை ஒளித்து வைக்காதீர்கள். பெரும் அனுப்புநர்களுக்கு ஒரே அழுத்தில் வெளியேறும் வசதி கட்டாயம். கேட்டவரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று: எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் ஆகும், ஆங்கிலத்துக்கு ஒன்றுதான். சுமார் 102 கேபி தாண்டிய கடிதத்தை ஜிமெயில் வெட்டிவிடுவதால் நீளமான தமிழ்க் கடிதத்தில் அடியிலுள்ள வெளியேறும் லிங்க் மறைந்துவிடலாம். வழி தெரியாதவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார்.

ஸ்பேம் புகார் அளவைக் காட்டும் கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் உங்கள் டொமைனைச் சேர்த்து வையுங்கள். அதற்கும் ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டுதான். தினமும் கணிசமாக அனுப்பினால்தான் அதில் எண்கள் தெரியும். சின்னப் பட்டியல்காரர்களுக்குக் காலியாகவே இருக்கலாம், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

சேவையை மாற்றும்போது

இன்னொரு கேம்பெய்ன் சேவைக்குப் போனால், பழையதன் ரெக்கார்டுகளை அப்படியே விட்டுவிடுவது பலருடைய வழக்கம். அது ஆபத்து. 2024 பிப்ரவரியில் கார்டியோ லேப்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு பெரிய மோசடியை வெளியே கொண்டுவந்தது. காலாவதியான டொமைன்களைச் சுட்டிக்கொண்டிருந்த பழைய சி-நேம்களையும் எஸ்பிஎஃப் இன்க்லூடுகளையும் தேடிப் பிடித்து, அந்தக் கைவிட்ட டொமைன்களை வாங்கி, 8,000-க்கும் மேற்பட்ட டொமைன்களின் பெயரில் மோசடிக்காரர்கள் ஸ்பேம் அனுப்பியிருந்தார்கள். பாதிக்கப்பட்டதில் எம்எஸ்என், ஈபே போன்ற பெயர்களும் இருந்தன. எல்லாச் சோதனைகளிலும் அந்தக் கடிதங்கள் பாஸ்.

புதிய சேவையில் ஏழாம் படி வரை முடித்து, அதிலிருந்து கேம்பெய்ன் போகத் தொடங்கிய பிறகு, பழைய டிகிம் ரெக்கார்டுகளை இன்னும் பத்து நாள் மட்டும் விட்டு வையுங்கள். கடைசியாக அனுப்பியவை எங்காவது வரிசையில் நின்று தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் கையெழுத்தைச் சோதிக்கச் சாவி வேண்டும். பத்து நாள் கழிந்ததும் பழைய சி-நேம், பழைய இன்க்லூட், பழைய சரிபார்ப்பு டிஎக்ஸ்டி மூன்றையும் நீக்குங்கள். நீக்கிய பின் ஒரு ஆபீஸ் மெயிலையும் ஒரு கேம்பெய்ன் மெயிலையும் உங்கள் ஜிமெயிலுக்கு அனுப்பி, ஷோ ஒரிஜினலில் மூன்று பாஸும் அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.